தாத்தா சிங்கம், பேத்தி சிலம்பு

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிற நேயர்களுக்கு ஒரு சிபாரிசு. கடை கடையாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்து, கைப்பையும் இளைத்துப் போன பிறகு, ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் வரை போய் வாருங்கள். வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். பட்டுக்குப் பேர் போன பட்டணத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு, தன் பெயரில் மட்டும் பருத்தியை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. 'ஜின காஞ்சி' என்று சமணர்கள் போற்றும் இடம் இதுதான். இங்கே திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர மந்திரி இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுவதும் சித்திரங்கள். ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர், கண்ணன் ஆகியோரின் கதைகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. கொஞ்சம் கழுத்து வலிக்கும். பரவாயில்லை, பார்க்கலாம்.

"கோயிலில் கண்ணன் எப்படி வந்தான்?" என்கிறீர்களா? சமணர்களின் கதைப்படி நேமிநாதர் கண்ணனுக்குப் பெரியப்பா பிள்ளை, வயதில் இளையவர். ஒரு நாள் அந்த இளைஞர் கண்ணனுடைய ஆயுத சாலைக்குள் நுழைந்து, அங்கிருந்த பாஞ்சஜன்யத்தை எடுத்து ஊதிவிட்டாராம். துவாரகையே கிடுகிடுத்தது. "என் சங்கை ஊதும் அளவுக்கு மூச்சுள்ளவன் யாரடா?" என்று கண்ணன் ஓடி வந்தான். இருவரில் யார் பலசாலி என்று பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. சண்டை கிண்டை வேண்டாம், கையை நீட்டு, மடக்கிப் பார்ப்போம் என்றார்கள். கண்ணனுடைய கையை நேமிநாதர் மடக்கிவிட்டார். நேமிநாதருடைய கையைக் கண்ணன் பிடித்துத் தொங்கியே பார்த்தான். கை அசையவில்லை!

கதை அப்படிச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அதிலுள்ள கேள்விதான். ஏற்கெனவே பெயர் பெற்ற வீரன் ஒருவன். புதிதாகக் கிளம்பியவன் ஒருவன். இருவரில் யார் பெரியவன்? கையுறையும் மேடையும் மணியும் உண்டாவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இந்தக் கேள்வி உண்டாகிவிட்டது. கண்ணனும் நேமிநாதரும் ஒரே காலத்தில் இருந்தார்கள்; கையை நீட்டினார்கள்; வழக்கு முடிந்தது. அந்தப் பழைய வீரர் காலமாகிவிட்டால் என்ன செய்வது? புதிதாகக் கிளம்பியிருப்பது அவருடைய சொந்தப் பேத்தியாகவே இருந்துவிட்டால்?

இந்த வாரம் உங்களிடம் பேச வந்தது அந்த வழக்கைப் பற்றித்தான்.

பிவானியில் ஒரு குடும்பம்

டில்லிக்கு மேற்கே ஹரியானாவில் பிவானி என்று ஓர் ஊர். நம் காஞ்சியில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டால், பிவானியில் பேட்டைக்குப் பேட்டை குத்துச்சண்டைப் பையில் குத்து விழும் சத்தம் கேட்கும். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் அந்த ஊர்க்காரர்தான்.

அவருக்கெல்லாம் முன்னால் அந்த ஊரின் பெயரை வெளியே தெரியச் செய்தவர் ஹவா சிங். 'ஹவா' என்றால் காற்று. 'சிங்' என்றால் சிங்கம். பெயருக்கு ஏற்ற ஆள். 1937-ல் பிறந்தவர். 1956-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் கையுறை மாட்டினார். 1960-ல், அப்போதைய சாம்பியன் மொஹப்பத் சிங்கைத் தோற்கடித்து மேற்குப் பிராந்திய ராணுவத்தின் சாம்பியன் ஆனார். ஆகவே அவரும் ஒரு காலத்தில் 'புதிதாகக் கிளம்பிய ஆள்'தான் என்பதை நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறந்தபோதே சாம்பியனாகப் பிறந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

அதன் பிறகு 1961 முதல் 1972 வரை, 'ஹெவி வெயிட்' என்கிற கனத்த எடைப் பிரிவில் தொடர்ந்து 11 முறை தேசிய சாம்பியன். 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம். 1970-ல் அதே பாங்காக்கில் மறுபடியும் தங்கம். அடுத்தடுத்து இரண்டு ஆசிய விளையாட்டுகளில் கனத்த எடைப் பிரிவில் தங்கம் வென்ற இந்தியர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1966-ல் அர்ஜுனா விருது. ஓய்வு பெற்ற பின் பிவானியில் இளைஞர்களுக்குப் பயிற்சி. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ல் காலமானார்.

இப்போது பேத்தி. பெயர் நூபுர் ஷியோரான். 'நூபுரம்' என்றால் சிலம்பு. அழகர்மலை நூபுர கங்கையில் நீராடிய நேயர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹவா சிங்கின் மகன் சஞ்சய் ஷியோரானும் குத்துச்சண்டைக்காரர். தகப்பனார் பெயரில் நடக்கும் பயிற்சிக்கூடத்தில் அவரே மகளுக்கு ஆசானாக நின்றார். தாத்தாவின் கையைப் பிடித்துக் கற்கும் வயது நூபுருக்கு வருவதற்குள் தாத்தா போய்விட்டார். எஞ்சியது பெயரும், பதக்கங்களும், ஊரார் சொல்லும் கதைகளும்தாம்.

2025-ஆம் ஆண்டு ஜூலையில், கஜகஸ்தானத்தின் அஸ்தானா நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் நூபுர் தங்கம் வென்றார். எடைப் பிரிவு 80 கிலோவுக்கு மேல். செப்டம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலக சாம்பியன் போட்டி. அரை இறுதியில் துருக்கி வீராங்கனையை ஐந்து நடுவர்களும் ஒருமுகமாகத் தீர்ப்பளிக்கும்படி வென்றார். இறுதிப் போட்டியில் போலந்தின் அகாதா கச்மார்ஸ்காவிடம் தோற்றார். ஐந்து நடுவர்களில் மூவர் அந்தப் பக்கம், இருவர் இந்தப் பக்கம். ஒரே ஒரு நடுவரின் மனம் மாறியிருந்தால் வெள்ளி தங்கமாகியிருக்கும். அதே ஆண்டு நவம்பரில், கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் மறுபடி தங்கம் எடுத்தார்.

உடனே நாடு முழுவதும் அந்தக் கேள்வி கிளம்பிவிட்டது. "தாத்தாவைப் போல வருவாளா?"

யந்திரம் சொன்ன தீர்ப்பு

இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் இது பெரிய வியாபாரமே ஆகியிருக்கிறது.

1951 அக்டோபரில் நியூயார்க் நகரில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் பல ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ், வயது 37. மறு பக்கம் புதிதாகக் கிளம்பிய ராக்கி மார்சியானோ. எட்டாவது சுற்றில் மார்சியானோ அடித்த அடியில் லூயிஸ் கயிற்றைத் தாண்டி விழுந்தார். ஜெயித்தவர் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. லூயிஸின் அறைக்குப் போய் அழுதார். சிறு வயது முதல் யாரைப் பார்த்து வியந்தாரோ அவரையே அடித்து வீழ்த்த வேண்டி வந்தது அவருக்கு. ஒப்பிட்டுப் பார்ப்பது பார்வையாளருக்கு வேடிக்கை. மேடையில் நிற்கிறவர்களுக்கு அப்படி அல்ல.

அந்த மார்சியானோ மொத்தம் 49 சண்டைகள் போட்டு, ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-ல் ஓய்வு பெற்றார். பின்னால் முகம்மது அலி வந்தார். "இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்?" என்று ஜனங்களுக்கு அரிப்பு. ஒரு வியாபாரி கம்ப்யூட்டரிடம் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். 1969-ல் அலியையும் மார்சியானோவையும் ஒரு ஸ்டூடியோவில் நிறுத்தி, பொய்க் குத்துகளாகக் குத்த வைத்துப் படம் பிடித்தார்கள். மார்சியானோ உடம்பை இளைத்துக்கொண்டு, வழுக்கையை மறைக்க டோப்பாவும் வைத்துக்கொண்டு வந்தார். பாவம், படம் வெளிவருவதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ல் விமான விபத்தில் மாண்டுபோனார்.

1970 ஜனவரியில் படம் வெளியாயிற்று. அமெரிக்கக் கொட்டகைகளில், 13-வது சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியிலோ அலி ஜெயித்தார்! ஒரே யந்திரம், ஒரே இரண்டு பேர், கடல் தாண்டினால் வேறு தீர்ப்பு. இதைவிட ஒப்பீட்டின் லட்சணத்தை யார் எடுத்துச் சொல்ல முடியும்?

அந்த அலியைச் சென்னைவாசிகள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் அவர் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அன்று கூட்டத்தில் இருந்த தாத்தாக்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்லி, "இப்போது வருகிறவர்களெல்லாம் என்ன பெரிய சண்டைக்காரர்கள்!" என்று முடிப்பார்கள். பழைய வீரர் தோற்காமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு. அவர் ஞாபகத்துக்குள் போய்விட வேண்டும். அங்கே யாரும் அவரைக் குத்த முடியாது.

தராசில் வைத்தால்

சரி, சும்மா தத்துவம் பேசிக்கொண்டிராமல் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

தாத்தாவின் தட்டில் 11 தேசியப் பட்டங்களும் இரண்டு ஆசியத் தங்கங்களும் இருக்கின்றன. பேத்தியின் தட்டில் 2025-ஆம் ஆண்டின் உலக வெள்ளியும், இரண்டு உலகக் கோப்பைத் தங்கங்களும் இருக்கின்றன. நீடித்து நின்ற காலத்தைப் பார்த்தால் தாத்தாவின் தட்டுத்தான் கீழே இறங்குகிறது. ஓர் ஆண்டு ஜெயிப்பது ஒரு விஷயம். பன்னிரண்டு ஆண்டு யாரையும் அருகில் வரவிடாமல் நிற்பது வேறு விஷயம். இதைச் சொல்வதில் பேத்திக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

பேத்தியின் பிரிவில் போட்டியிடுகிறவர்களும் குறைவு. லிவர்பூலில் நூபுர் நேரே கால் இறுதியில்தான் முதல் சண்டை போட்டார். "அப்படியானால் அது என்ன பெரிய பதக்கம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கனத்த எடைப் பிரிவில் எந்தக் காலத்திலும் கூட்டம் குறைவுதான். எதிரே வருகிறவர்களின் தொகை குறையலாம், அவர்களுடைய குத்தின் கனம் குறைவதில்லை.

ஆனால் தராசைத் தூக்குமுன், ஒவ்வொருவருக்கும் எந்தெந்தக் கதவு திறந்திருந்தது என்று பார்க்க வேண்டாமா? இங்கேதான் விஷயம் ஸ்வாரஸ்யமாகிறது.

ஹவா சிங் ஏன் உலக சாம்பியன் போட்டியில் பதக்கம் வாங்கவில்லை? அவர் காலத்தில் அப்படி ஒரு போட்டியே கிடையாது! அமெச்சூர் ஆண்களுக்கான முதல் உலக சாம்பியன் போட்டி 1974-ல்தான் ஹவானா நகரில் நடந்தது. அதற்குள் அவருடைய தேசியப் பட்டங்களின் காலம் முடிந்துவிட்டது. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கும் அவர் போகவில்லை. அது சீன எல்லையில் போர் மூண்ட ஆண்டு, அவர் சிப்பாய். ஒலிம்பிக் மேடையிலும் அவர் ஏறியதில்லை. ஆசியாவை இரண்டு முறை ஜெயித்த மனிதருக்கு ஒலிம்பிக் கயிற்றுக்குள் நுழையும் வாய்ப்பே கிட்டாமல் போயிற்று.

பேத்தியின் கதையைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஆகக் கனத்த குத்துச்சண்டைப் பிரிவு 75 கிலோ. ஆண்களுக்கோ 92 கிலோவுக்கு மேலும் ஒரு பிரிவு இருந்தது. 80 கிலோவுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அங்கே இடமே இல்லை. அவள் உலகத்தில் இரண்டாவதாக வரலாம், முதலாவதாகவும் வரலாம். ஒலிம்பிக் வாசலில் தராசுதான் அவளைத் திருப்பி அனுப்பும்.

ஆக, தாத்தாவுக்கும் பேத்திக்கும் முகஜாடை மட்டும் அல்ல, மூடிய கதவிலும் ஒற்றுமை. இருவரையும் தடுத்தது எதிராளியின் குத்து அல்ல.

தறியில் ஒரு பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் காஞ்சிக்குத் திரும்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் கலையில் நம் பட்டுப் புடவைக்காரர்களை மிஞ்சியவர் இல்லை.

"என் பாட்டியின் கூறைப் புடவை மாதிரி இப்போது எங்கே வருகிறது?" என்று கேட்காத பெண்மணி உண்டா? பாட்டியின் புடவை அசல்தான். அந்தக் காலத்தில் புட்டாவும் கரை வேலையும் போட 'அடை' கட்டி, ஒருவர் உட்கார்ந்து கயிறு இழுக்க, ஒருவர் நெய்வார். பின்னால் ஜக்கார்டு வந்து அந்தக் கயிறு இழுக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. அதனால் புதுப் புடவை மட்டமாகிவிடுமா? கை தேர்ந்த நெசவாளி உங்களுக்கு ஓர் இடத்தைக் காட்டுவார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடாவில் வரும் ஊடு இழைகள். அவை இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இடத்துக்குக் 'கோர்வை' என்று பெயர். "அதை இழுத்துப் பாருங்கள் அம்மா" என்பார். பழைய புடவையானாலும் புதிய புடவையானாலும் அந்த இடம் பிரியாமல் இருந்தால் சரக்கு நல்ல சரக்கு.

தாத்தாவையும் பேத்தியையும் எதிர் எதிரே நிறுத்திப் பார்ப்பதைவிட, அவர்கள் சேருகிற இடத்தை இழுத்துப் பார்ப்பதுதான் உத்தமம் என்று எனக்குத் தோன்றுகிறது. வட சென்னைக் குத்துச்சண்டைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே 'சார்பட்டா பரம்பரை', 'இடியப்ப நாயக்கர் பரம்பரை' என்று சொன்னால், ரத்த சம்பந்தம் அல்ல; ஒரு வாத்தியாரிடம் கற்று, அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்கும் வரிசை. ஒரு பரம்பரையில் பெரியவர் யார் என்று கேட்பதைவிட, வரிசை அறுந்துவிட்டதா, தொடர்கிறதா என்று கேட்பதில்தான் பொருள் உண்டு.

தறியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராட்டையில் இழை சுற்றுவது, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு முறுக்கி இணைப்பது என்று தறியைச் சுற்றி எத்தனையோ வேலைகள். அவற்றில் பாதிக்கு மேல் நெசவாளர் வீட்டுப் பெண்களின் விரல்கள் செய்பவை. புடவையை விரித்துக் காட்டும்போது அந்த விரல்களின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

மேடை ஏறிய பாட்டி

பிவானியிலும் அப்படி ஒரு பெண்மணி இருந்தார்.

ஹவா சிங்குக்கு, சிறந்த பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருது அறிவிக்கப்பட்டிருந்தது. விழா 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ல். அவர் காலமானது ஆகஸ்ட் 14-ல். பதினைந்தே நாள் வித்தியாசம்! கணவர் போன துக்கம் ஆறுவதற்குள், அவருடைய மனைவி அங்கூரி தேவி அந்த விருதைப் பெற்றுக்கொண்டார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பதினொரு தேசியப் பட்டம் வென்ற மனிதரின் வீட்டை எத்தனை ஆண்டு நடத்தியவர் அவர்! பயில்வானுடைய சாப்பாடு என்ன சாமானியமா? பட்டாளத்துக்காரர் மாதக்கணக்கில் வெளியூரில் இருக்கையில் குழந்தை குட்டிகளைப் பார்த்துக்கொள்வதும் லேசான காரியமா? அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் அன்று விருது வாங்கியது, போனவருக்குப் பதிலாக.

2000-ஆம் ஆண்டில் அப்படித்தான் வாங்க முடியும். பெண்களுக்கென்று உலகக் குத்துச்சண்டை சாம்பியன் போட்டி முதன்முதல் நடந்ததே 2001-ல்தான். மணிப்பூரின் மேரி கோம் அதில் வெள்ளி வாங்கினார். பிறகு ஆறு முறை உலகத் தங்கம் வென்றார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிய விளையாட்டில் பெண்கள் குத்துச்சண்டை சேர்ந்தது 2010-ல். ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2012-ல், லண்டனில். இந்தக் கதவுகளில் ஒன்றுகூடத் திறப்பதைப் பார்க்காமல் ஹவா சிங் போய்விட்டார். அவர் ஜெயித்த காலத்தில் அவருடைய தங்கையோ மகளோ கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தால், எந்த எடைப் பிரிவில் நிறுத்துவது என்ற பிரச்னையே எழுந்திராது. "வீட்டுக்குப் போ" என்பார்கள்; அவ்வளவுதான்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துப் பெண் லிவர்பூலில் மேடை ஏறினார். இந்தத் தடவை யாருக்கும் பதிலாக அல்ல. கழுத்தில் விழுந்த பதக்கம் அவருடைய சொந்தப் பதக்கம்.

தாத்தாவையும் பேத்தியையும் ஒப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேத்தியைத் தாத்தாவோடு மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கணக்குத்தான். பாட்டியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதுதான் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

"எல்லாம் சரி, பெண் குழந்தை மூக்கை உடைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது?" என்று சில தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குத்துச்சண்டை பூப்பறிக்கிற விளையாட்டு அல்ல. தலையில் படும் அடி பின்னாளில் பாதிக்கும் என்பதை வைத்தியர்கள் சொல்கிறார்கள். அலிக்கு 1984-ல் கண்டுபிடிக்கப்பட்ட நடுக்க நோயை உலகமே பார்த்தது. அமெச்சூர் போட்டிகளில் பெண்கள் தலைக்கவசம் அணிந்துதான் சண்டை போடுகிறார்கள். ஹவா சிங் காலத்தில் அந்தக் கவசமும் இல்லை. விருப்பமுள்ள பெண், நல்ல ஆசானிடம், முறையாகக் கற்க வேண்டிய வித்தை இது. விருப்பமில்லாத பெண்ணைத் தள்ளிவிட வேண்டியதும் இல்லை. விருப்பமுள்ளவளைப் பிடித்து இழுக்க வேண்டியதும் இல்லை.

அலியின் மகள் லைலா கையுறை மாட்டியபோது தகப்பனாருக்கு முதலில் அதில் இஷ்டமில்லை. பெண் கேட்கவில்லை. 24 சண்டை போட்டு ஒன்றிலும் தோற்காமல் ஓய்வு பெற்றார். அலி கடைசியில் மகளின் சண்டையைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். பிவானியில் அந்தத் தாமதமும் இல்லை. தகப்பனாரே மகளுக்குக் கையுறை கட்டிவிட்டார். சாம்பியனின் மகனாகப் பிறந்து, தகப்பனின் புகழைத் தலையில் சுமந்தும், அந்தச் சுமையை மகளின் தலையில் அப்படியே இறக்கி வைக்காமல், வித்தையை மட்டும் கொடுத்தாரே, அவருக்கும் ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

அந்தச் சுமை எவ்வளவு கனம் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். குத்துச்சண்டை மேடை எதற்கு? நம் சமையலறையில் தினம் நடக்கவில்லையா? "எங்கள் அம்மா வைக்கிற வற்றல்குழம்பு மாதிரி இல்லையே" என்று ஒரு வாய் சாப்பிட்டதும் சொல்கிறார்களே, அதுவும் பழைய சாம்பியனோடு புதியவளை ஒப்பிடுவதுதான். அம்மாவும் கல்யாணமான முதல் வருஷம் குழம்பைக் கரித்திருப்பார். அதை அந்த வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. புதிதாக வந்தவளின் முதல் வருஷத்தை, முன்னவரின் முப்பதாம் வருஷத்தோடு நிறுத்துப் பார்க்கிறோம். பாட்டில் அக்காவை வைத்துத் தங்கையை அளக்கிறோம். படிப்பில் அண்ணனை வைத்து அவளை அளக்கிறோம். அளக்கும்போது ஒரு தட்டில் இருப்பது மனிதர். மறு தட்டில் இருப்பது ஞாபகம். ஞாபகத்துக்குக் கனம் அதிகம். அது எப்போதும் ஜெயிக்கும்.

நூபுர் இனி எத்தனை பதக்கம் வெல்வார் என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. அவர் தாத்தாவை மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். அதை மேடையில் அடிக்கிற மணி பார்த்துக்கொள்ளும். கனத்த எடைப் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஓர் இடம் கிடைக்குமா என்பதைத்தான் நாம் கவலையோடு கேட்க வேண்டும். தாத்தாவுக்கு மூடியிருந்த கதவு பேத்திக்கும் மூடியிருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

அதற்குள் உங்கள் வீட்டில் ஒரு பெண், "அம்மா, நானும் ஏதாவது விளையாட்டில் சேருகிறேனே" என்று வந்து நின்றால், "உன் அத்தை அந்தக் காலத்தில் கோகோவில் எப்படி ஓடுவாள் தெரியுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அத்தையின் கதையை ராத்திரி சாதம் பிசைந்து போடும்போது சொல்லிக்கொள்ளலாம். முதலில், "எத்தனை மணிக்குப் பயிற்சி? யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டும் வாருங்கள்.